பொலிபியஸின் இரண்டு கேள்விகள்

கி.மு. 167-இல் அக்கேயக் கூட்டமைப்பைச் சேர்ந்த சுமார் ஆயிரம் பேரை ரோமானியர் இத்தாலிக்குக் கொண்டுபோனார்கள். தென் கிரேக்கத்தின் பெலோபொனீஸ் தீபகற்பத்து நகரங்கள் சேர்ந்து அமைத்துக்கொண்ட அரசு அந்தக் கூட்டமைப்பு. முந்தைய ஆண்டுதான் பிட்னா என்ற இடத்தில் மாசிடோனிய மன்னன் பெர்சியூஸ் ரோமானியரிடம் தோற்றிருந்தான். அக்கேயர் அந்தப் போரில் ரோமுக்கு எதிராக ஆயுதம் எடுக்கவில்லை. ஆனால் ரோமின் மனம் குளிரும்படி நடந்துகொள்ளவும் இல்லை. யார் யாரைக் கொண்டுபோக வேண்டும் என்று பட்டியல் போட்டுக்கொடுத்தவர் காலிக்ராட்டஸ், உள்ளூர் அரசியல்வாதி. ரோமில் விசாரணை நடக்கும் என்று சொல்லித்தான் கப்பலேற்றினார்கள். பதினேழு ஆண்டுகளாகியும் யாரையும் விசாரிக்கவில்லை.

அந்த ஆயிரவரில் ஒருவர் பொலிபியஸ். அர்க்காடியா பகுதியில் மெகலோபொலிஸ் என்ற ஊர்க்காரர். அப்பா லிக்கோர்ட்டஸ் கூட்டமைப்பின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். பொலிபியஸும் கி.மு. 170-169-இல் குதிரைப்படைத் தலைவராக இருந்தார். அது கூட்டமைப்பின் இரண்டாவது பெரிய பதவி. கைதானபோது வயது முப்பதை ஒட்டியிருக்கும். அடுத்த சில ஆண்டுகளில் தன் நாட்டை ஆள வேண்டியவர். அந்த வாய்ப்பு பறிபோன பிறகு எழுதத் தொடங்கியதுதான் அவருடைய ‘வரலாறுகள்’.

மற்ற கைதிகள் பெரும்பாலும் எட்ரூரியப் பகுதியின் சிற்றூர்களில் அடைந்து கிடக்க, பொலிபியஸ் மட்டும் ரோம் நகரிலேயே தங்க அனுமதி பெற்றார். பிட்னாவில் வென்ற தளபதி எமிலியஸ் பாவுலஸின் குடும்பம் அவருக்காகப் பரிந்து பேசியது. புத்தகங்களைக் கடன் வாங்கியதிலும் அவற்றைப் பற்றிப் பேசியதிலும் தொடங்கிய பழக்கம் என்று அவரே எழுதுகிறார். தளபதியின் இளைய மகன், அப்போது பதினெட்டு வயதுப் பையன், ஒருநாள் முகம் சிவக்க அவரிடம் வந்து, எப்போதும் அண்ணனிடமே பேசுகிறீர்களே, என்னை ஏன் ஒதுக்குகிறீர்கள் என்று கேட்டானாம். அந்தப் பையன்தான் பின்னாளில் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜை அழித்த ஸ்கிப்பியோ எமிலியானஸ். இந்த நட்பினால் செனட் உறுப்பினர்களின் வரவேற்பறை வரைக்கும் பொலிபியஸால் போக முடிந்தது. ஆயினும் சட்டப்படி அவர் கைதிதான். ஊர் திரும்பும் உரிமை இல்லை.

தன் நூலின் தொடக்கத்தில் அவர் வைக்கும் கேள்வி நேரடியானது. ஏறக்குறைய மனிதர் வாழும் உலகம் முழுவதும் 53 ஆண்டுகளுக்குள் ரோம் என்ற ஒரே அரசின் கீழ் வந்துவிட்டது. இது எப்படி, எவ்வகை ஆட்சியமைப்பினால் நடந்தது? கி.மு. 220 முதல் பெர்சியூஸின் வீழ்ச்சி வரை அவர் போடும் கணக்கு இது. ‘உலகம்’ என்று அவர் சொல்வது மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளைத்தான். கி.மு. 220-க்கு முன்பு ஸ்பெயினில் நடந்ததற்கும் சிரியாவில் நடந்ததற்கும் தொடர்பு இருக்கவில்லை. அதன் பிறகு எல்லா இழைகளும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, ஆகவே இனிமேல் தனித்தனி நாடுகளின் வரலாறு எழுதுவதில் பயனில்லை என்பது அவர் வாதம். அவருக்கு முன்னும் பரந்த வரலாறுகள் எழுதப்பட்டிருந்தன. தனித்தனியே நடந்தவை எந்தக் கட்டத்தில் ஒரே கதையாயின என்பதை ஆய்வுப் பொருளாக்கியதுதான் அவர் செய்த புதுமை.

நாற்பது பாகங்கள் எழுதினார். முதல் ஐந்து மட்டுமே முழுமையாகக் கிடைத்திருக்கின்றன. மற்றவை துணுக்குகள், பத்தாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தொகுக்கச் செய்த பகுதிகளிலிருந்து பலவும் வந்து சேர்ந்தவை. நடை கரடுமுரடு. கடைசி வரை யாராலும் படிக்க முடியாத எழுத்தாளர்களின் வரிசையில் அவரைச் சேர்த்தவர், அவருக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த ஹாலிகார்னாசஸ் ஊர் டயோனிசியஸ். அது முழுக்க அநியாயமான குற்றச்சாட்டு என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. பாதிக் கதையில் நிறுத்திவிட்டு வரலாறு எப்படி எழுத வேண்டும் என்று பாடம் நடத்தப் போய்விடுவார்.

பாடத்தில் விஷயம் இருக்கிறது. பன்னிரண்டாம் பாகம் பெரும்பாலும் டிமேயஸ் என்ற முன்னோடியைத் திட்டுவதற்காகவே எழுதப்பட்டது. ஏதென்ஸில் ஐம்பது ஆண்டுகள் உட்கார்ந்து பிறர் நூல்களைப் படித்து வரலாறு எழுதியவர் டிமேயஸ். போர்க்களம் பார்க்காதவன் போரைப் பற்றியும், அரசியலில் இறங்காதவன் அரசியலைப் பற்றியும் எழுதக் கூடாது என்பது பொலிபியஸின் கட்சி. ஃபிலார்க்கஸ் என்ற இன்னொருவர் மீதும் அவருக்குக் கோபம்: கூந்தல் அவிழ்ந்த பெண்களையும் அழும் குழந்தைகளையும் காட்டி வாசகரை உருக வைப்பது நாடக ஆசிரியன் வேலை, வரலாற்றாசிரியன் வேலை ஏன் எதற்கு என்று சொல்வது என்கிறார். தனக்கும் அதே விதியைப் போட்டுக்கொண்டார். கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் ஆல்ப்ஸ் மலையைக் கடந்த வழியை அறிய அந்த மலையைத் தானும் கடந்தார். ஹன்னிபாலின் படைக் கணக்கைத் தென் இத்தாலியின் லாக்கினியம் முனையில் ஹன்னிபாலே பொறிக்கச் செய்திருந்த வெண்கலப் பலகையிலிருந்து எடுத்தார். ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் இடையிலான பழைய ஒப்பந்தங்கள் கேபிட்டோலின் கோயிலருகே வெண்கலத் தகடுகளில் இருந்தன; அவற்றில் மிகப் பழையதன் லத்தீன் மொழி ரோமானிய அறிஞருக்கே முழுமையாகப் புரியாத அளவுக்கு மாறிப்போயிருந்தது என்று குறிப்பிட்டுவிட்டு, முடிந்தவரை அதைக் கிரேக்கத்தில் தருகிறார். அந்தத் தகடுகள் அழிந்துவிட்டன. அவற்றில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரிவது அவருடைய மொழிபெயர்ப்பினால்தான்.

இனி, முதல் கேள்விக்கு அவர் தரும் விடை. ஆறாம் பாகத்தில் அது விரிவாக வருகிறது. பிற்காலத்தில் மாக்கியவெல்லியும் மாண்டெஸ்கியூவும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் தலைமுறையினரும் படித்த பகுதி. ஆட்சிமுறைகள் ஒரு சுழலில் மாறுகின்றன என்கிறார் பொலிபியஸ். மன்னராட்சி கொடுங்கோலாகச் சீரழியும். அதைக் கவிழ்க்கும் மேன்மக்களின் ஆட்சி, பிள்ளைகள் காலத்தில் ஒரு சிலரின் சுரண்டலாகும். பிறகு மக்களாட்சி, அதுவும் பேரன்கள் காலத்தில் கும்பலாட்சியாகிவிடும், மீண்டும் ஒரு தலைவன் வருவான். ரோம் இந்தச் சுழலுக்குத் தடை போட்டது. கான்சல்கள் என்ற ஓராண்டு ஆட்சித் தலைவர்களிடம் மன்னரின் அதிகாரம், செனட்டிடம் மேன்மக்களின் அதிகாரம், மக்களவைகளிடம் குடிகளின் அதிகாரம். மூன்றில் எதுவும் மற்ற இரண்டின் தயவின்றி நகர முடியாது. கான்சல் படையோடு புறப்படலாம், ஆனால் தானியமும் சம்பளமும் செனட் கொடுத்தால்தான் உண்டு. செனட் முடிவெடுக்கலாம், மக்களின் ட்ரிபியூன் ஒருவர் குறுக்கிட்டால் கூட்டமே நடக்காது. கார்த்தேஜிலும் இதுபோன்ற கலப்பு இருந்தது. ஆனால் ஹன்னிபால் காலத்தில் அங்கே மக்களின் குரல் ஓங்கிவிட்டது, ரோமில் இன்னும் செனட்டின் அறிவு மேலோங்கியிருந்தது. ஆகவே ரோம் வென்றது என்பது அவர் முடிவு.

சீரான கோட்பாடு. இத்தனை சீராக இருப்பதாலேயே எனக்குச் சந்தேகம். கான்சல் பதவிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் சில டஜன் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பதவி முடிந்ததும் செனட்டில் உட்கார்ந்து மிச்ச காலத்தைக் கழிப்பார்கள். ஓராண்டுக் கான்சல் தன் சொந்த வகுப்பையே எதிர்த்து நிற்பான் என்று எதிர்பார்ப்பது கடினம். மக்களவைகளில் பணக்காரரின் வாக்குக் குழுக்கள் முதலில் வாக்களித்தன; பெரும்பான்மை கிடைத்ததும் வாக்கெடுப்பு நின்றுவிடும், ஏழைகளின் முறை பல சமயம் வராது. கிரேக்க அரசியல் தத்துவத்தில் தயாராக இருந்த மூன்று பெட்டிகளைக் கொண்டுவந்து ரோமை அவற்றில் அடைத்திருக்கிறார் பொலிபியஸ். அதைவிடப் பெரிய குறை, ரோமின் இத்தாலியக் கூட்டாளிகளுக்கு ஆறாம் பாகத்தின் கோட்பாட்டில் இடமே இல்லை.

இது வியப்பு, ஏனெனில் அந்தத் தகவலைத் தந்தவரே அவர்தான். இரண்டாம் பாகத்தில், கி.மு. 225-இல் வடக்கிலிருந்து கௌல் இனத்தவரின் படையெடுப்பு வந்தபோது ரோம் தன்னிடமும் கூட்டாளிகளிடமும் ஆயுதமேந்தத் தகுதியானோர் எத்தனை பேர் என்று கணக்கெடுத்ததைச் சொல்கிறார்: காலாட்கள் 7,00,000-க்கு மேல், குதிரைவீரர் 70,000 வரை. உடனே சேர்க்கிறார், இத்தகைய பலத்தை எதிர்த்துத்தான் ஹன்னிபால் இருபதாயிரத்துக்கும் குறைவான ஆட்களோடு இத்தாலிக்குள் வந்தார் என்று. இந்த எண்கள் எப்படிக் கூட்டப்பட்டன என்பது பற்றி இன்றும் விவாதம் உண்டு. ஆனால் விகிதம் சொல்வது தெளிவு. தோற்கடித்த இத்தாலிய நகரங்களிடம் ரோம் கப்பம் கேட்கவில்லை, ஆள் கேட்டது. ஒவ்வொரு வெற்றியும் அடுத்த போருக்கான படையைக் கூட்டித் தந்தது. ரோமின் படையில் பாதிக்கும் மேல் இந்தக் கூட்டாளிகள்தான். விடையை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு, அதை விடை என்று அடையாளம் காணாமல் அரசியல் தத்துவத்தின் பக்கம் திரும்பிவிட்டார்.

அவரை இப்படிக் குறை சொன்ன பிறகும், ரோமானியரை அவர் விவரிக்கும் பக்கங்களைத் திரும்பப் படிக்கும்போது கோட்பாட்டைவிட வலுவான ஒரு விடை தென்படுகிறது. அது பழக்கங்களின் பட்டியல். கார்த்தேஜோடு முதல் போர் தொடங்கிய கி.மு. 264-இல் ரோமிடம் சொல்லிக்கொள்ளும்படி கடற்படை இல்லை. தரைதட்டிய ஒரு கார்த்தேஜியப் போர்க்கப்பலைப் பிடித்து அதைப் பார்த்துத் தங்கள் கப்பல்களைக் கட்டினார்கள். கப்பல் தயாராகும் வரை துடுப்பு போடுபவர்களைக் கரையில் பலகைகள் போட்டு உட்கார வைத்து, துடுப்பை எப்போது தள்ள, எப்போது இழுக்க என்று பழக்கினார்கள். இருபத்து நான்கு ஆண்டுப் போரில் ரோம் இழந்த கப்பல்கள், சூறாவளியில் போனதையும் சேர்த்து, சுமார் 700. தோற்ற கார்த்தேஜ் இழந்ததோ சுமார் 500. கடைசியில் கருவூலம் காலியானபோது செல்வந்தர்கள் தனித்தனியாகவும் இருவர் மூவராகச் சேர்ந்தும் ஆளுக்கோ குழுவுக்கோ ஒரு கப்பல் என்று கட்டிக்கொடுக்க, 200 கப்பல் கொண்ட புதிய கடற்படை எழுந்தது. வென்றால் பணம் திரும்பும் என்பது ஏற்பாடு. அந்தக் கடற்படைதான் போரை முடித்தது.

இன்னொரு காட்சி, கி.மு. 209-இல் ஸ்பெயினில் புதிய கார்த்தேஜ் நகரம் வீழ்ந்தபோது. ரோமானியர் ஒரு நகரத்துக்குள் புகுந்ததும் கொள்ளை தொடங்காது. முதலில் எதிர்ப்படும் எல்லா உயிரையும் கொல்ல உத்தரவு. இப்படி வீழ்ந்த ஊர்களில் மனிதர் மட்டுமன்றி இரண்டாக வெட்டப்பட்ட நாய்களையும் பார்க்கலாம் என்கிறார், குரலை உயர்த்தாமல். பயமுறுத்தத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்பது அவர் ஊகம். தளபதி கொடி காட்டியதும் கொலை நிற்கும், கொள்ளை தொடங்கும். அப்போதும் படையில் பாதிக்கு மேல் ஆள் போகக் கூடாது. மற்றவர்கள் காவல் நிற்பார்கள். கிடைத்ததெல்லாம் முகாமுக்கு வரும், விற்கப்படும், பொருள் சேகரித்தவனுக்கும் காவல் நின்றவனுக்கும் நோயில் படுத்தவனுக்கும் சமமாகப் பங்கிடப்படும். கிரேக்கப் படைகள் கொள்ளையில் சிதறி, எதிரி திரும்பி வந்து அடித்ததில் பெற்ற வெற்றியை இழந்த கதைகளை அவர் நன்றாக அறிந்தவர். வெறியையே அட்டவணை போட்டு நடத்தும் இந்த ஒழுங்கு அவரைக் கவர்ந்தது; கொஞ்சம் அச்சுறுத்தவும் செய்தது என்று நினைக்கிறேன்.

ஆட்சியமைப்பு பற்றிய ஆறாம் பாகம் அரசியல் கோட்பாட்டோடு முடியவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கன்னே போருக்குப் பிந்தைய ஒரு சம்பவத்தோடு முடிகிறது. கி.மு. 216-இல் ஹன்னிபாலிடம் ரோம் அடைந்த அந்தத் தோல்வியில் மாண்டவர் சுமார் எழுபதாயிரம் என்பது பொலிபியஸின் கணக்கு. முகாமில் சிக்கிய 8,000 ரோமானியரைப் பணம் வாங்கிக்கொண்டு விடுவிக்க ஹன்னிபால் தயாராயிருந்தார். திரும்பி வருவதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு பத்துப் பேரைப் பேரத்துக்கு ரோமுக்கு அனுப்பினார். அவர்களில் ஒருவன் எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லி வழியிலேயே ஒருமுறை முகாமுக்குத் திரும்பிப் போய்விட்டு வந்தான். சத்தியம் அதோடு தீர்ந்தது என்பது அவன் கணக்கு. படைகள் அழிந்து, கூட்டாளிகள் விலகிக்கொண்டிருந்த நேரம் அது. ஆள் தேவை உச்சத்தில் இருந்தும் செனட் மீட்புப் பணம் தர மறுத்தது. வென்று திரும்பு, அல்லது சாவு. பிடிபட்டவனுக்கு மூன்றாவது வழி கிடையாது என்று எல்லாப் படைவீரருக்கும் தெரியட்டும் என்றது. ஒன்பது பேர் சத்தியப்படி தாமாகத் திரும்பினார்கள். சாமர்த்தியம் காட்டியவனைக் கட்டி ஹன்னிபாலிடம் அனுப்பிவைத்தார்கள். இதைக் கேட்டு ஹன்னிபாலின் வெற்றி மகிழ்ச்சி வடிந்துபோயிற்று என்கிறார் பொலிபியஸ்.

கான்சல், செனட், மக்கள் என்ற முக்கோணத்தை விட இந்தச் சம்பவம் அதிகம் விளக்குகிறது. தோற்றாலும் பேரம் பேசாத ஒரு சமூகம்; அதன் பின்னால் திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளக்கூடிய ஆள்வளம். ஒரு போரில் தோற்றால் உடன்படிக்கை செய்துகொள்வது கிரேக்க அரசுகளின் மரபு. அந்த மரபை ரோம் பின்பற்றாது என்பதைக் கிரேக்கர்கள் புரிந்துகொள்ளத் தாமதமாயிற்று. ரோமுக்குள் கைதியாக வாழ்ந்த ஒரு கிரேக்கன் அதைப் புரிந்துகொண்டதில் ஆச்சரியம் இல்லை. ரோம் மனம் மாறுமா என்று பதினேழு ஆண்டுகள் காத்திருந்தவர் அவர்.

கி.மு. 150-இல் அந்தக் காத்திருப்பு முடிந்தது. ஆயிரம் பேரில் அப்போது உயிரோடிருந்தவர்கள் முந்நூறுக்கும் குறைவு. செனட்டில் நீண்ட விவாதம். கிழட்டுக் கிரேக்கர்கள் சிலரை இங்கே புதைப்பதா அங்கே புதைப்பதா என்று நாள் முழுக்கப் பேச நமக்கு வேறு வேலை இல்லையா என்று முதியவர் கேட்டோ கேட்டதாகப் புளூட்டார்க் சொல்கிறார். அந்த ஏளனம்தான் விடுதலையாயிற்று. பழைய கௌரவங்களையும் திரும்பக் கேட்கலாமா என்று பொலிபியஸ் யோசித்தபோது, ஒற்றைக்கண் அரக்கனின் குகையிலிருந்து தப்பிய ஒடிஸியஸ் மறந்துவிட்ட தொப்பிக்காக மறுபடி உள்ளே போகிறானா என்று கேட்டோ சிரித்தாராம். ரோமை அரக்கனின் குகை என்று உவமித்தவர் ஒரு ரோமானியர்.

முதலில் திட்டமிட்ட நூல் கி.மு. 168-இல் முடிந்திருக்க வேண்டும். பிறகு பொலிபியஸ் அதை 146 வரை நீட்டினார். காரணத்தையும் மூன்றாம் பாகத்தில் சொல்கிறார்: வென்றார்கள் என்பதைக் கொண்டு வென்றவர்களை மதிப்பிட முடியாது. வென்ற பின் எப்படி ஆண்டார்கள், ஆளப்பட்டவர்கள் அவர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று பார்த்தால்தான், அந்த ஆட்சியை விலக்க வேண்டுமா ஏற்க வேண்டுமா என்று இன்றிருப்பவர்களும், அது புகழத்தக்கதா இகழத்தக்கதா என்று வருங்காலத்தவரும் முடிவு செய்ய இயலும். இது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி ரோமின் திறமையைப் பற்றியது. இது ரோமின் உரிமையைப் பற்றியது.

இதற்கான சாட்சியங்களை அவர் மறைக்கவில்லை. கி.மு. 238-இல் கார்த்தேஜ் கூலிப்படைக் கலகத்தில் தத்தளித்தபோது ரோம் சார்டினியாவைப் பறித்துக்கொண்டதற்கு எந்த நியாயமும் கிடையாது என்று எழுதியவர் அவர்தான். சிரிய இளவரசன் டெமெட்ரியஸ் பிணைக்கைதியாக ரோமில் வளர்ந்தபோது, தன் உரிமையான அரியணைக்கு அனுப்பும்படி செனட்டிடம் முறையிட்டான். மறுத்துவிட்டார்கள், சிரியாவில் ஒரு சிறுவன் மன்னனாக இருப்பதே தங்களுக்குச் சாதகம் என்பதால் என்று பொலிபியஸ் வெளிப்படையாகச் சொல்கிறார். அதோடு நிற்கவில்லை. கி.மு. 162-இல் டெமெட்ரியஸ் ஓஸ்தியா துறைமுகத்திலிருந்து ஒரு கார்த்தேஜியக் கப்பலில் தப்பியோடியதற்கு உடந்தையாக இருந்தார். அன்று பொலிபியஸுக்கு உடல்நலமில்லை. விருந்தில் குடித்துக்கொண்டிருந்து இளவரசன் நேரத்தைத் தவறவிடுவானோ என்று பயந்து, துணிவையும் இரவையும் குறித்த கவிதை வரிகள் சிலவற்றைச் சீட்டில் எழுதி முத்திரையிட்டு அனுப்பினார். டெமெட்ரியஸ் புரிந்துகொண்டு எழுந்தான். தானே கைதியாக இருந்துகொண்டு செனட்டின் முடிவைக் கவிழ்க்க உதவியதை, பின்னாளில் தன் நூலில் விலாவாரியாக எழுதியும் வைத்தார்.

ஆனால் கார்த்தேஜ் அழிந்ததைப் பற்றி வரும்போது குரல் மாறுகிறது. கி.மு. 149-இல் கார்த்தேஜ் முழுச் சரணடைந்து, 300 பிள்ளைகளைப் பிணையாகக் கொடுத்தது. 2,00,000 பேருக்கான ஆயுதங்களையும் 2,000 கல்லெறி பொறிகளையும் ஒப்படைத்தது. எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் ஊரைக் காலி செய்து கடலை விட்டு உள்நாட்டுக்குப் போகும்படி ரோம் உத்தரவிட்டது. மூன்றாண்டு முற்றுகை. முடிவில் ஸ்கிப்பியோவின் பக்கத்தில் நின்று நகரம் எரிவதைப் பார்த்தவர்களில் பொலிபியஸும் ஒருவர். இந்தச் செயலைப் பற்றிக் கிரேக்கத்தில் நான்கு வகைக் கருத்து நிலவியது என்று நிதானமாக அடுக்குகிறார். தலைக்கு மேலிருந்த ஆபத்தை நீக்கியது விவேகம் என்றனர் சிலர். ரோம் தன்னை உயர்த்திய கொள்கையைக் கைவிட்டு, ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் போன ஆதிக்க வெறியின் வழியில் போகிறது, அதன் முடிவும் அப்படியே இருக்கும் என்றனர் வேறு சிலர். நேர்மையான போருக்குப் பெயர்போனவர்கள் படிப்படியாக ஏமாற்றி நிராயுதபாணியாக்கிக் கொன்றார்கள் என்பது மூன்றாவது தரப்பு. முழுச் சரணடைந்தவனிடம் எதையும் கேட்கலாம், ஆகவே துரோகம் எதுவும் இல்லை என்பது நான்காவது.

தன் கருத்து எது என்று கிடைத்திருக்கும் பகுதியில் அவர் சொல்லவில்லை. டிமேயஸைப் பாகம் முழுக்க விளாசியவர், ஹன்னிபால் முதல் தன் ஊர்த் தலைவர்கள் வரை எல்லாருக்கும் மதிப்பெண் போட்டவர், இங்கே ஒதுங்கி நிற்கிறார். அவர் உள்ளூர ரோமின் பக்கம்தான் என்று கருதுவோர் ஆய்வாளர்களில் உண்டு. கண்டனங்களுக்கு அவர் தரும் இடத்தையும் வலுவையும் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டாவது தரப்பின் வாதத்தை, சுழற்சிக் கோட்பாட்டை எழுதிய கை எளிதில் மறுத்துவிட முடியாது. எதிரி இல்லாமற்போன அரசு ஆடம்பரத்திலும் பதவிப் போட்டியிலும் சீரழியும் என்று ஆறாம் பாகத்திலேயே அவர் எழுதியிருக்கிறார். வெளிப்படையாகச் சொல்ல முடியாததற்குக் காரணம் அருகிலேயே இருந்தது: தீ வைத்தவர், முகம் சிவக்க வந்து பேசிய அந்தப் பையன்.

கார்த்தேஜ் வீழ்ந்த அதே கி.மு. 146-இல் அக்கேயர் ரோமை எதிர்த்துக் கிளம்பித் தோற்றார்கள். கொரிந்த் தரைமட்டமானது. ஓவியப் பலகைகளைத் தரையில் போட்டு அவற்றின் மேல் படைவீரர்கள் தாயம் உருட்டிக்கொண்டிருந்ததைப் பொலிபியஸ் பார்த்தார் என்று ஸ்ட்ராபோ குறிப்பிடுகிறார். கிளர்ச்சித் தலைவர்களைப் பொலிபியஸ் மன்னிக்கவேயில்லை. கிரேக்கத்தின் அழிவுக்கு அவர்களுடைய மூடத்தனமே காரணம் என்று எழுதினார். ஆனால் அவர்களுள் ஒருவரான டியேயஸின் பறிமுதல் சொத்திலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொல்லி ரோமானிய ஆணையர்கள் கொடுத்தபோது வாங்க மறுத்தார். ஏலத்தில் விற்கும் சொத்துகளை வாங்காதீர்கள் என்று நண்பர்களுக்கும் சொன்னார். கேட்டவர்கள் சிலர், கேட்காதவர்கள் சிலர். பழைய தலைவர் ஃபிலோப்போமெனின் சிலைகளை அகற்ற வேண்டும் என்று ரோமானியர் ஒருவர் கிளம்பியபோது வாதாடிக் காப்பாற்றினார். இளமையில் அந்தத் தலைவரின் அஸ்திக் கலசத்தை இறுதி ஊர்வலத்தில் சுமந்தவர் அவர். ஆணையர்கள் புறப்பட்ட பின் நகரம் நகரமாகப் போய்ப் புதிய சட்டங்களை விளக்கி, வழக்குகளைத் தீர்த்துவைத்தார். நகரங்கள் அவருக்குச் சிலை வைத்தன. முந்நூறு ஆண்டுகள் கழித்து மெகலோபொலிஸுக்குப் போன பயணி பௌசானியஸ் அப்படி ஒன்றில் இருந்த கல்வெட்டைப் படித்துக் குறித்துக்கொண்டார். எல்லா நிலமும் கடலும் சுற்றியவர், ரோமானியரின் நண்பர், கிரேக்கர் மேல் அவர்கள் கொண்ட கோபத்தைத் தணித்தவர் என்று அவரைப் புகழ்ந்திருந்தார்கள்.